வெப்பப் பிரிவின் மூன்று விநாடி

மூன்று விநாடி இருக்கும். மிஞ்சிப் போனால் மூன்றரை. "வெப்பப் பிரிவு?" என்று மனோன்மணி கேட்டதற்கும் "தயார்" என்று ஹார்ட்முட் சொன்னதற்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். அந்த இடைவெளியில் யாரும் செத்துப் போய்விடவில்லை, காப்பிக் கோப்பை கவிழவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஜெர்மனியின் பிரேமன் நகரத்து மழை என்றைக்கும் போல ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. மேசையைச் சுற்றியிருந்த மற்ற ஏழு பேரில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. அவளுக்கு மட்டும் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. கையிலிருந்த பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது, வாய் "மின்சாரப் பிரிவு?" என்று கேட்டும்விட்டது, மனசு மட்டும் அடம்பிடித்து வெப்பப் பிரிவிலேயே நின்றுகொண்டது. கேட்டது அவள், பதில் வந்தது, வந்ததும் சரியான பதில். பிறகென்ன? கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பக்கத்து மண்டபத்தில், நூற்று நாற்பது பேர் ஐந்து வருஷம் சேர்ந்து கட்டிய செயற்கைக்கோள் பொன்னிறத் தகட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. வியாழக்கிழமை அது லாரியேறித் துறைமுகத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து கப்பலில் கடல் தாண்டி ஏவுதளத்துக்கு. அதற்கு முன் கட்டாயம் நடக்க வேண்டிய சடங்கு இந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். திட்டத் தலைவர் எட்டுப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பார். ஒவ்வொரு பிரிவின் தலைவரும் "தயார்" என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். கடைசியில் திட்டத் தலைவர் தானும் அதே சொல்லைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தாலி கட்டும்போதுகூட இத்தனை பேரைக் கேட்பதில்லை. ஆறு மாதமாக அவள்தான் திட்டத் தலைவர், தற்காலிகமாக. அந்தத் 'தற்காலிக' என்ற சொல் கதவில் ஒட்டிய பெயர்ப்பலகையில் அவள் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்.

"மின்சாரப் பிரிவு தயார்" என்றது இடதுபக்கத்துக் குரல். சட்டென்று வந்தது, பந்தைத் திருப்பி அடித்த மாதிரி. அப்படித்தான் வர வேண்டும், எல்லோருக்கும் அப்படித்தான் வரும், மாதக்கணக்கில் சோதனை செய்து ஆயிரம் பக்கம் எழுதிவிட்டுத்தானே இந்த அறைக்குள்ளேயே வருகிறார்கள். ஹார்ட்முட் விஷயம் வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஹார்ட்முட் காலை வணக்கத்துக்கே யோசித்துத்தான் பதில் சொல்வான். பதினாறு வருஷம் ஒரே அறையில் எதிரெதிர் மேசை, அவளுக்குத் தெரியாதா? பதினொன்றரைக்கு டப்பாவைத் திறந்து கறுப்பு ரொட்டி தின்பான், தின்று முடிக்கும்வரை வானமே இடிந்தாலும் பேசமாட்டான், பிறகு ஜன்னலோரச் செடிக்கு அளந்து தண்ணீர் ஊற்றுவான். தண்ணீருக்கும் அளவுக் குவளை வைத்திருந்த மனுஷன். அப்பேர்ப்பட்டவன் ஒரு சொல்லுக்கு மூன்று விநாடி எடுத்துக்கொண்டால் அது ஓர் அதிசயமா? ஆனால் போன மாதம் அதிர்வுச் சோதனைக்கு முன் நடந்த கூட்டத்தில் இதே ஆள், இதே கேள்வி, உடனே சொன்னானே. அதற்கு முந்தைய கூட்டத்திலும் உடனேதான். இருமல் வந்திருக்கும். இருமவில்லையே. பல்வலி என்று நேற்றுச் சொல்லிக்கொண்டிருந்தான், பல்லாக இருக்கும். பல்வலிக்காரன் கீழே பார்ப்பானா? அவன் சொல்லும்முன் கீழே பார்த்தான், தன் காகிதங்களை அல்ல, தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அந்த நேரத்தில்தான் அவள் மனசுக்குள் ஓர் அசிங்கமான நினைப்பு எட்டிப் பார்த்தது. இந்த நாற்காலிக்கு நிறுவனத்துக்குள்ளிருந்து மனுப் போட்டவர்கள் இரண்டே பேர், அவளும் அவனும். அவளுக்குக் கிடைத்தது, அவள் விட்டுப்போன வெப்பப் பிரிவு அவனுக்குப் போயிற்று. ஏதோ தெரிந்துகொண்டே 'தயார்' என்று சொல்லி, விழட்டும் என்று வேடிக்கை பார்க்கிறானோ? சீ. பதினாறு வருஷத்தில் அடுத்தவர் பேனாவைக்கூட எடுத்து எழுதாதவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாளே தவிர அந்த நினைப்பு முழுதாகப் போகவும் இல்லை.

"தகவல் தொடர்பு?" தயார். அவர்கள் சொன்னது காதில் விழுந்தது, பேனா ஒரு கோடு போட்டது. சுவரோரம் தனி நாற்காலியில் இயக்குநர் லிண்டெமன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இந்தக் கூட்டத்தில் பேச வேண்டியதில்லை, இருப்பதே போதும். நேற்றுக் காப்பி இயந்திரத்தின் முன்னால் நின்று, கோப்பை நிரம்பும் சத்தத்துக்கு நடுவே, "வியாழக்கிழமை லாரி வெளியே போகட்டும், மனோ. வெள்ளிக்கிழமை உங்கள் பெயர்ப்பலகையை நானே மாற்றி ஒட்டுகிறேன்" என்றார். அதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஏறிய ஏணி அது. இந்தத் தொழிலில் ஏணி இரண்டு. ஒன்று நிபுணர்களுக்கானது, அதில் ஏற ஏறக் கதவில் பட்டம் நீளும், தலையாட்டச் சொல்லும் கூட்டங்கள் குறையும், ஒருநாள் யாருமே கூப்பிடாத இடத்துக்குப் போய்ச் சேரலாம். இன்னொன்று தலைவர்களுக்கானது. அதற்குப் படிப்பும் வேலையும் மட்டும் போதாது, எந்த ஐரோப்பிய நாடு எவ்வளவு பணம் போட்டிருக்கிறது, இந்தத் தடவை நாற்காலி யாருக்குப் போனால் யார் முகம் சுளிப்பார்கள் என்றெல்லாம் எங்கேயோ ஒரு கணக்கு நடக்கும், அந்தக் கணக்கை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அவளுக்கு எந்த நாட்டுப் பங்கும் கிடையாது. கோயம்புத்தூரில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள், ஆறு ஒப்பந்தம், ஒவ்வொன்றும் இரண்டு வருஷம், இரண்டாவது வருஷக் கடைசியில் தூக்கம் போகும். பிறகு குடியுரிமை. ஹாம்பர்க்கில் இந்தியத் துணைத்தூதரக ஜன்னலில் பழைய பாஸ்போர்ட்டில் 'ரத்து' என்று குத்தித் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு, திரும்பும் ரயிலில் அதைக் கைப்பையில் வைக்கத் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தலைமைப் பயிற்சி என்று ஒன்றுக்கு அனுப்பினார்கள், கடற்கரை விடுதி, மூன்று நாள். வேகாத சேமியாக் குச்சிகளை ஒட்டி உயரமாகக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். அவள் குழுவின் கோபுரம்தான் நின்றது. தலைவர் என்பவர் நம்பிக்கை தர வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, தன் ஆட்களைச் சபையில் சந்தேகிக்கக் கூடாது என்று பயிற்சி தந்தவர் பலகையில் எழுதினார். அவளும் எழுதிக்கொண்டாள். சந்தேகிக்கக் கூடாதாம், சரி, கேட்கவும் கூடாதா? அதைக் கேட்க அப்போது தோன்றவில்லை, மூன்று மணிக்குக் கேக் வந்துவிட்டது.

காலையில் புறப்படும்போது தனபால், அவள் வீட்டுக்காரர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏம்புள்ள, இன்னைக்கு உனக்கு என்னத்துக்கு இந்தப் பதட்டம்? எட்டுப் பேரு தலையாட்டப் போறாங்க, நீயும் ஆட்டிப்போட்டு வா. வெள்ளிக்கிழமை பாயசம் வெக்கறேன்." "ஆமாங்க, பாயசந்தான் இப்பக் கொறச்சல்" என்று அவள் செருப்பை மாட்டினாள். மனுஷர் ஏற்கெனவே தாராபுரத்துச் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் மனைவி ஐரோப்பாவையே ஆளப் போகிற மாதிரி எழுதிவிட்டார். நாத்தனார் கைகூப்பும் பொம்மை பதினொன்று அனுப்பியிருந்தாள். பாயசம் முடிவாயிற்று, வாழ்த்தும் வந்தாயிற்று, இனி 'தற்காலிக' என்பதை எடுப்பது மட்டும்தான் பாக்கி. "மென்பொருள்?" என்று கேட்டாள். தன் குரல் நன்றாகத்தான் இருந்தது, நிதானமாக, தலைவருக்குரிய குரலாக. மென்பொருள் தயார் என்றார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே கேள்வியைக் கேட்டவள் பியெரினா. இத்தாலிக்காரி, ஒல்லி, கழுத்தில் எப்போதும் பச்சைத் துணி, பெண் ஒருத்தி திட்டத் தலைவராக உட்கார்ந்து அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வெப்பப் பிரிவின் தலைவர் விடுப்பு, அவருக்குப் பதிலாக மேசையில் உட்கார்ந்தவள் மனோன்மணி, பக்கத்து நாற்காலியில் வரைபடக் கோப்புகளோடு ஹார்ட்முட். "வெப்பப் பிரிவு?" என்றாள் பியெரினா. பதினான்காம் எண் சென்சார் ஞாபகத்துக்கு வந்தது. வெற்றிடச் சோதனையில் அது ஒன்று மட்டும் இரண்டு டிகிரி குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியிருந்த நாடா லேசாக எழும்பியிருக்கும் என்று அவள் எழுதினாள், நாடா எழும்புவது சகஜம், பத்தில் எட்டுத் தடவை அதுதான் காரணமாக இருக்கும், அனுபவசாலி என்றால் அதைத்தான் எழுதுவார்கள், எழுதி 'அப்படியே ஏற்கலாம்' என்று கட்டத்தில் குறியும் போட்டாள். எழுதின கைதான், ஆனால் கேள்வி வந்தபோது வாய் உடனே திறக்கவில்லை. பிறகு திறந்தது. "தயார்." பியெரினா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், பார்த்தாளா அல்லது அவளுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாளா, பன்னிரண்டு வருஷமாக அவளால் தீர்மானிக்க முடியவில்லை. பார்த்துவிட்டு அடுத்த பிரிவைக் கேட்டாள்.

"எரிபொருள்?" இந்தச் சொல்லை எப்போது உச்சரித்தாலும் அவள் நாக்கு சற்றே தடுக்கும், இன்றும் தடுக்கியது. மேலே போய்ப் பதினான்காவது மாதம், பூமியின் நிழல் நீண்டு விழும் பருவத்தில், பியெரினாவின் அந்தச் செயற்கைக்கோளின் எரிபொருள் குழாய் உறைந்தது. குழாயைச் சூடாக வைத்திருக்க இரண்டு ஹீட்டர்கள், ஒன்று போனால் இன்னொன்று. ஒன்று போயிற்று, இன்னொன்று வேலை செய்யவே இல்லை. ஏழு வருஷம் இருக்க வேண்டிய பொருள் ஒரு வருஷமும் இரண்டு மாதமுமாக முடிந்தது. அந்த இன்னொன்று கீழே இருக்கும்போதே செத்திருந்ததா? சென்சார் காட்டிய இரண்டு டிகிரி அதுதானா? அல்லது நாடாதானா? விசாரணைக் குழு ஏழு மாதம் உட்கார்ந்து நானூறு பக்கம் எழுதிக் கடைசியில் 'காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று முடித்தது. எப்படி இயலும்? முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் போர்வையை யார் போய்ப் பிரித்துப் பார்ப்பது? கார் என்றால் பழுது பார்க்கலாம், பாலம் என்றால் இடிபாட்டைக் கிளறலாம், இவர்கள் செய்கிற பொருள் மட்டும் ஒருமுறை கைவிட்டுப் போனால் போனதுதான், தப்பும் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், இப்போதும் இந்த நிமிஷத்தில் தலைக்கு மேல் எங்கோ இருக்கிறது. அவள் சாட்சி சொன்னபோது பதினான்காம் எண்ணைப் பற்றிக் கேட்டார்கள், அறிக்கையில் எழுதியதையே சொன்னாள். அறிக்கையில் எழுதாத அந்தத் தயக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்று பியெரினா ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள், இரண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். கிளம்புகிற அன்றைக்குப் பச்சைத் துணி இல்லாத கழுத்தோடு எல்லோருக்கும் கை கொடுத்தாள், மனோன்மணியின் கையை மற்றவர்கள் கையைவிட அதிக நேரம் பிடித்திருந்தாளா என்பதையும் அவளால் தீர்மானிக்க முடியவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டே அவள் இரண்டு ஏணியும் ஏறிவிட்டாள், பயம் மட்டும் ஒவ்வொரு படியிலும் கூடவே வந்தது. எரிபொருள் தயார், சொல்லி வெகுநேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது, எரிபொருள்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா கோடு போட்டது.

விசாரணைக் குழு ஒரே ஒரு நல்ல காரியம் செய்தது. இனி இந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே 'நில்' என்று சொல்லலாம் என்று விதி எழுதியது. விதி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. டிராமில் கண்ணாடியை உடைக்க மாட்டியிருக்கும் சுத்தியல் மாதிரி எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் தொட்டதில்லை. ஒன்பது வருஷமாக ஒரு 'நில்'கூட இல்லை. யார் சொல்வார்கள்? சொன்னவர் பெயர்தானே அப்புறம் நிற்கும். "தரைக் கட்டுப்பாடு?" தயார். இன்னும் ஒரு பிரிவுதான் பாக்கி, பிறகு அவள். இப்போது கேட்டால் என்ன ஆகும்? கேட்டு ஒன்றுமில்லை என்றால், பதவி கிடைத்த கையோடு போட்டியாளனைச் சபையில் அவமானப்படுத்தினாள் என்பார்கள், ஹார்ட்முட் அதன்பிறகு அவளிடம் பேசமாட்டான், பேசாமலிருப்பதில் அவன் மன்னன். கேட்டு ஏதாவது இருக்கிறது என்றால் இன்னும் மோசம், கப்பல் போய்விடும், அடுத்த கப்பல் மூன்று வாரம் கழித்து, பெயர்ப்பலகை அதற்கும் கழித்து, அல்லது இல்லவே இல்லை. கூட்டம் முடிந்து தனியாகக் கேட்கலாமே? முடிந்தபிறகு கையெழுத்தும் முடிந்திருக்கும், தனியாக அவன் "ஒன்றுமில்லை" என்பான், அவளும் நம்ப ஆசைப்பட்டு நம்பிவிடுவாள், தன்னை அவளுக்குத் தெரியும். அப்பா ஞாபகம் வந்தது, அவள் கூப்பிடாமலே. தாராபுரம் மின்வாரியத்தில் லைன்மேன் அவர். கம்பத்தில் ஏறும்முன் துணைமின்நிலையத்துக்குப் போன் போட்டு லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்றா என்று கேட்பார். ஆச்சு என்பார்கள். "இன்னொருக்கா சொல்லு" என்பார். "ஏனுங்ணா, ஒருக்காச் சொன்னாக் காதுல ஏறாதுங்களா?" என்று அந்தப் பக்கம் சலித்துக்கொள்வார்கள். "ஏறுச்சு. இன்னொருக்காச் சொல்லு." ஊரே அவருக்கு இன்னொருக்கா சின்னச்சாமி என்று பெயர் வைத்துச் சிரித்தது. பயந்தாங்கொள்ளி என்றது. பள்ளிக்கூடத்தில் அவள் 'இன்னொருக்கா மகள்'. வாத்தியார் கேள்வி கேட்டால் முழுசாகக் கேட்டு முடிக்கும்முன் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு அங்கேதான் வந்தது. இரண்டாவது தடவை யாரும் தன்னைக் கேட்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது, தானும் யாரையும் கேட்கக் கூடாது. அந்த வேகத்தைத்தான் இங்கே எல்லோரும் மெச்சினார்கள், வருஷாந்திர மதிப்பீட்டில் 'தீர்மானமானவர்' என்று எழுதினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பியெரினா மட்டும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இன்னொருக்கா என்றிருந்தால் அந்தச் சந்தேகத்தைச் சொல்லியிருப்பேன் என்று மனோன்மணிக்குத் தெரியும். சத்தியமாகச் சொல்லியிருப்பாள். கேட்காததால் சொல்லவில்லை என்பது என்ன நியாயம் என்றால் நியாயமே இல்லை, ஆனால் நடந்தது அதுதான்.

"தரம்?" தரப் பிரிவின் அம்மாள் கோப்பை மூடிவிட்டு "தயார்" என்றாள். எட்டுக் கோடும் விழுந்துவிட்டது. இனி அவள் முறை. லிண்டெமன் கால்மேலிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார், எழுந்து கை கொடுக்க ஆயத்தம். திரையில் தெரிந்த வாடிக்கையாளர் தரப்பு ஆள் புன்னகைக்கத் தொடங்கியிருந்தார். அவள் வாயைத் திறந்தாள். சொல் தொண்டையில் தயாராகத்தான் இருந்தது. விரல் தானாகவே பட்டியலில் மேலே போய் இரண்டாவது வரியில் நின்றது. போய்த் தொலைகிறது பாயசம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஹார்ட்முட், வெப்பப் பிரிவை இன்னொரு தடவை கேட்கிறேன்" என்றாள்.

பிரிவைத்தான் கேட்க வேண்டும், ஆளைப் பெயர் சொல்லிக் கேட்கும் வழக்கமில்லை, அதுவும் இரண்டாம் முறை. ஹார்ட்முட் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமா என்று தேடினாள், கோபம் இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான், இந்தத் தடவை மூன்று விநாடி அல்ல, பத்துப் பதினைந்து இருக்கும்.

"காகிதங்கள் முழுதாக இருக்கின்றன. அதனால் தயார் என்றேன்" என்றான் அவன். "போன வெள்ளிக்கிழமை வடக்குப் பக்கத்துப் போர்வையைத் திறந்து ஒரு கம்பி இணைப்பியை மாற்றினார்கள். மூடும்முன் உள்ளே படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். படம் இருக்கிறது. இரண்டு கையெழுத்தும் இருக்கிறது. இன்று காலை டிராமில் வரும்போது பார்த்தேன், படத்தில் இருப்பது பழைய இணைப்பி. மார்ச் மாதம் எடுத்த படம். யாரோ அதையே மறுபடி வைத்திருக்கிறார்கள்."

"வேலை நடந்திருக்கிறது அல்லவா?" என்றார் லிண்டெமன், பேச வேண்டியதில்லாத நாற்காலியிலிருந்து.

"நடந்திருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகவே நடந்திருக்கும். ஆனால் மூடியதை யாரும் பார்த்ததாக என்னால் காட்ட முடியாது."

"திறந்து பார்க்க எவ்வளவு நேரம்?" என்று மனோன்மணி கேட்டாள்.

"திறந்து, பார்த்து, மூடி, மறுபடி சோதித்து... மூன்று நாள்."

"கப்பல் வியாழக்கிழமை" என்றார் லிண்டெமன். "அடுத்தது மூன்று வாரம் கழித்து, மனோ. உங்களுக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். அது மட்டுமல்ல, மூன்று வாரம் என்றால் அபராதம், விளக்கக் கடிதங்கள், பாரிஸுக்கும் ரோமுக்கும் தொலைபேசிகள், யார் அந்தப் பெண் என்ற கேள்வி எல்லாம் அவளுக்குத் தெரியும். அத்தனையும் தெரிந்த பிறகு மனசு விசித்திரமாக லேசாகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவசரமே இல்லை.

"திட்டத் தலைவர்," என்று அவள் தன் வரியைத் தானே படித்து, தானே பதில் சொன்னாள். "தயார் இல்லை. நில்."

"தற்காலிகத் திட்டத் தலைவர்" என்று லிண்டெமன் திருத்தினார். குரலில் கோபம் இல்லை, குறிப்பேட்டில் சரியாக விழ வேண்டும் என்பது போலச் சொன்னார். பிறகு எழுந்து யாருக்கும் கை கொடுக்காமல் வெளியே போனார். திரையில் புன்னகைக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திய புன்னகையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார்கள். அவளைப் பார்த்துத் தலையசைத்தவள் தரப் பிரிவு அம்மாள் மட்டும்தான், அந்தத் தலையசைப்புக்கும் என்ன அர்த்தம் என்று அவள் யோசிக்கவில்லை.

மண்டபத்துக்குப் போகும் நடைவழியில் ஹார்ட்முட் முன்னால் நடந்தான், அவள் பின்னால். இடதுபக்க ஜன்னல்களில் மழை. உடை மாற்றும் அறையின் வாசலில் நின்று தலைக்கு மாட்டும் வலைத்தொப்பி ஒன்றை உருவி அவளிடம் நீட்டினான். ஆறு மாதமாக அவள் அந்த அறைக்குள் போனதில்லை. தலைவர்களுக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் வேலை.

"எப்படித் தெரிந்தது உனக்கு?" என்றான்.

"நீ மூன்று விநாடி எடுத்துக்கொண்டாய்."

அவன் செருப்புக்கு மேல் போடும் துணியுறையைக் குனிந்து மாட்டினான். ஒன்றை மாட்டி, முடிச்சை இறுக்கி, மற்றதையும் மாட்டினான். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது, குனிந்ததாலா வேறெதனாலா தெரியவில்லை.

"அன்றைக்கு நீ எடுத்துக்கொண்டது ஐந்து" என்றான்.

அவளுக்குக் கையிலிருந்த தொப்பி எதற்கென்று மறந்துபோயிற்று. பக்கத்து நாற்காலி. வரைபடக் கோப்புகள். பியெரினா பார்த்தாளா பார்க்கவில்லையா என்று பன்னிரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு, எதிர் மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவனைப் பற்றி ஒரு நாளும் தோன்றவில்லை.

"உனக்குத் தெரியுமா? பதினான்காம் எண்?"

"எண் தெரியாது. ஐந்து விநாடி தெரியும்."

"ஏன் கேட்கவில்லை, ஹார்ட்முட்?"

அவன் வழக்கம் போல யோசித்துத்தான் பதில் சொன்னான். "கேட்பது தலைவரின் வேலை என்று நினைத்தேன். பிறகு குழாய் உறைந்தது. பிறகு கேட்டு என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன்." கதவின் பொத்தானில் விரலை வைத்தான், அழுத்தவில்லை. "இந்த நாற்காலிக்கு மனுப் போட்டேன் அல்லவா? அதற்காகத்தான். வேறொன்றும் இல்லை. இந்தத் தடவை கேட்கிற ஆள் ஒருவராவது அங்கே உட்கார வேண்டும் என்று."

அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை எடுத்தாள், கையுறை போட்டபின் முகத்தைத் தொடக் கூடாது என்ற விதி ஞாபகம் வந்தது, இன்னும் போடவில்லை என்பதும் ஞாபகம் வந்தது, துடைத்துக்கொண்டாள். பிறகு தொப்பியை மாட்டி, முடி வெளியே தெரியாமல் உள்ளே தள்ளி, கையுறையைப் போட்டுக்கொண்டாள்.

"தயாரா?" என்றான் ஹார்ட்முட்.

"இன்னொரு தடவை கேள்" என்றாள் அவள்.

அவன் இன்னொரு தடவை கேட்டான். அவள் தயார் என்றாள். அவன் பொத்தானை அழுத்தினான், இருவரும் போர்வையைத் திறக்க உள்ளே போனார்கள்.